கேள்வி கேட்டு எலி மருந்து விற்பவர்

இலங்கை மலைநாட்டின் பெரகல சந்தியில் விவசாயக் கடை வைத்திருக்கும் ஸவாஹிராவிடம் எலி மருந்து வாங்குவது லேசான காரியம் இல்லை. விதை கேட்டால் உடனே எடுத்துத் தருவார். உரம் கேட்டால் மூட்டை ஆட்டோவில் ஏறும்வரை கூடவே நிற்பார். எலி மருந்து என்ற சொல் காதில் விழுந்ததும் கையிலுள்ள வேலையை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"எங்க வைக்கப் போறீங்க?"

அது முதல் கேள்விதான். வீட்டிலா, தோட்டத்திலா, என்ன பயிர், பக்கத்தில் தண்ணீர் ஓடுகிறதா, நாய் கோழி உண்டா, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, மருந்தை யார் கையால் வைப்பது, மிச்சத்தை எங்கே பூட்டி வைப்பது என்று அது நீண்டுகொண்டே போகும். பதில் அவருக்குத் திருப்தியாக இல்லாவிட்டால் கடையின் பின்சுவரோடு நிற்கும் இரும்பு அலுமாரி திறக்காது. அப்புத்தளைச் சரிவுகளில் மரக்கறி செய்கிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தம்மாவிடம் எலி மருந்து எடுப்பதைவிட வெளிநாட்டுக்கு விசா எடுப்பது சுகம் என்பார்கள்.

கடை முதலில் அவருடைய கணவர் ஷுக்ரியினுடையது. அந்த நாட்களில் அதில் பாதி பலசரக்கு. ஒரு பக்கம் சீனி, பருப்பு, பிஸ்கட். மறுபக்கம் உரமும் பூச்சி மருந்தும். உர மூட்டை இறக்கும்போது ஷுக்ரி லொறியிலிருந்து தவறி விழுந்தார். முதுகெலும்பு அடிபட்டது. உயிர் தப்பினாலும் நெடுநேரம் நிற்க முடியாத உடம்பாகிப் போனது. கடைக்குள் ஸவாஹிரா வந்தார்.

விவசாய மருந்து விற்பவர் அதற்கான வகுப்புக்குப் போய், தன் பெயரில் அனுமதி எடுத்திருக்க வேண்டும். ஷுக்ரியின் அனுமதியை வைத்து அவருடைய மனைவி விற்க முடியாது.

"மருந்த விட்டிடுவோம். சாமான் வித்தாப் போதும்" என்றார் ஷுக்ரி.

"நான் போய்ப் படிச்சிட்டு வாரேன்" என்றார் ஸவாஹிரா.

பண்டாரவளையில் நடந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பாடம் சிங்களத்தில் வேகமாக ஓடியது. கடையில் பேசும் சிங்களம் அவருக்கு அதற்குப் போதவில்லை. கையை உயர்த்தி, விளங்கவில்லை என்று சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வகுப்பெடுத்த அலுவலர் சிரிக்கவில்லை. தேநீர் இடைவேளையில் கோப்பையோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் விளங்கப்படுத்தினார். எல்லா இடைவேளையிலும் அப்படியே செய்தார்.

அந்த வகுப்பில் நடந்த ஒன்றை ஸவாஹிரா இன்றும் சொல்வார். அலுவலர் மேசையில் இரண்டு கட்டிகளை வைத்தார். இரண்டும் நீல நிறம், இரண்டுக்கும் உறை இல்லை. ஒன்று பிள்ளைகள் தின்னும் இனிப்பு, மற்றது எலி மருந்து. எது எது என்று கேட்டார். மருந்து விற்றே தலை நரைத்த வியாபாரிகள் இருந்தார்கள். ஆளுக்கொன்று சொன்னார்களே தவிர, ஒருவரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. "உறையைக் கழற்றிவிட்டால் எனக்கும் தெரியாது" என்றார் அலுவலர்.

வீட்டுக்கு வந்ததும் ஸவாஹிரா முதலில் செய்தது, கடையின் பலசரக்குப் பாதியை அகற்றியது. தின்கிற சாமானும் நஞ்சும் ஒரே கூரைக்குள் இருக்கக் கூடாது என்றார். அன்றாடம் கையில் காசு புரள்வது பலசரக்கில்தான் என்று ஷுக்ரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில், "நீதானே நிக்கிறது, உன் இஷ்டம்" என்று விட்டுவிட்டார். கொஞ்சக் காலம் கஷ்டப்பட்டார்கள். பிறகு, இந்தக் கடையில் கொடுக்கும் விதை முளைக்கும், மருந்து வேலை செய்யும் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பொன்னையா அப்படி வந்தவர்களில் ஒருவர். தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே இருந்த துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்டிருந்தார். அவருடைய மனைவி நல்லம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போய்வந்தார். அந்தப் போகத்தில் எலி பெருகிவிட்டது. செடி மேலே பச்சையாக நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு பாதி கொறித்துக் கிடக்கும்.

"நல்ல மருந்தாக் குடுங்கம்மா. ஒரே ராவுல எல்லாம் சாவணும்" என்றார் பொன்னையா.

"அப்பிடி ஒரு மருந்து என்கிட்ட இல்லண்ணே. இது தின்டு சில நாள் போனாத்தான் சாகும். அது இரிக்கட்டும், உங்க நெலத்துக்குப் பக்கத்தில ஓடை இரிக்கா?"

"இருக்கு. லயத்துக்கே அந்தத் தண்ணிதான்."

"அப்ப ஓடைப் பக்கம் வைக்க ஏலா. வரப்புப் புல்ல வெட்டினீங்களா? பொந்துகள அடைச்சீங்களா?"

"எலி கெழங்கத் திங்குதுன்னு வந்தா, நீங்க புல்லு வெட்டச் சொல்றீங்க."

"புல்லுக்குள்ளதானே அது குடியிரிக்கு. முதல்ல அத வெட்டுங்க, ரெண்டு பொறி தாறேன், வைச்சிப் பாருங்க. அதுக்குப் பொறகும் இரிந்தா மருந்து தாறேன். சும்மா வெளிய போட ஏலா. குழாய்த் துண்டுக்குள்ள கம்பியால கட்டி வைக்கணும், நாய்க்கும் பிள்ளைகளுக்கும் எட்டாம. செத்த எலியத் தேடி எடுத்துப் புதைக்கணும். லயத்தில இரிக்கிற மத்தவங்களுக்கும் சொல்லணும்."

பொன்னையா துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் பாடம் கேக்க வரலம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் கோபமாகப் போனதில் ஸவாஹிராவுக்கு வருத்தம்தான். ஆனாலும் கூப்பிட்டு மருந்தைக் கொடுத்துவிடவில்லை.

பிறகு சில கிழமைகள் பொன்னையா கடைப்பக்கம் வரவில்லை. மருந்து தெளிகருவிக்கு ரப்பர் வாசர் வாங்கத்தான் மறுபடி வந்தார். பழைய கோபம் இருக்கவில்லை. ஸவாஹிரா வாசரைத் தேடி எடுக்கும்போது, வீட்டில் எல்லாரும் சுகமா என்று வழக்கம்போலக் கேட்டார்.

"என்னத்தச் சொல்ல. அவளுக்குத்தான் ஒடம்பு சொகமில்ல. வேலைக்கும் போகல. பல்லு வெளக்குனா ரத்தமா வருது. உப்புத் தண்ணி வச்சுக் கொப்புளிக்கிறா."

"பல்லு வலியா?"

"வலி இல்லம்மா. அதான் ஆச்சரியம். கையில தேயிலக் கொப்பு கீறினது, அதுவும் காயாம ரத்தம் கசிஞ்சிக்கிட்டே இருக்கு. காலெல்லாம் அடிபட்ட மாதிரி நீலமாக் கெடக்கு. எங்கயும் விழலங்கிறா."

ஸவாஹிரா வாசரைக் கீழே வைத்தார். எலிக்கு வைக்கும் மருந்து இரத்தத்தை உறைய விடாது, அதனால் உள்ளுக்குள் கசிந்துதான் எலி சாகிறது, மனுசருக்கும் அதே கதிதான் என்று வகுப்பில் கேட்டது மனதில் வந்தது.

"அண்ணே, நீங்க பொறகு எலி மருந்து வாங்கினீங்களா?"

பொன்னையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இல்லம்மா."

"நான் கோவிக்க மாட்டேன். சொல்லுங்க. அக்காட உயிரு."

அந்தச் சொல் அவரை உலுக்கிவிட்டது. வாங்கியதை ஒத்துக்கொண்டார். சந்தையில் வாங்கியது. வெள்ளைத் தூள், சின்னப் பொலித்தீன் பையில் முடிந்து கொடுத்தது. கோதுமை மாவில் பிசைந்து வை என்று சொன்னார்கள். வீட்டு மாவில் கலந்து, பாதியைப் பிசைந்து தோட்டத்தில் வைத்தார். மீதி மாவை ஒரு டின்னில் போட்டு அடுப்படியில் வைத்தார்.

"மீதி எங்க?"

"அவ கொண்டுபோய் வச்சிட்டா போல. டின்னு காலியா இருந்துச்சு."

"வைச்சேன்டு அக்கா சொன்னாவா?"

விடிகாலையில் பெரட்டுக்கு, தோட்டத்தில் பேர் பதியும் இடத்துக்கு, போகுமுன் நல்லம்மா ரொட்டி தட்டி எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அந்த டின்னில் எப்போதும் இருப்பது ரொட்டி மாவு. பொன்னையா மெல்லக் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஸவாஹிரா கடையைப் பூட்டினார். சந்தியில் நின்ற ஆட்டோவில் பொன்னையாவை ஏற்றித் தானும் ஏறினார். லயத்துக் காம்பிராவில் நல்லம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. விசயத்தைக் கேட்டதும் புருசனைத்தான் பார்த்தார், அழவில்லை.

"மாவுல கலந்தா ஒரு வார்த்த சொல்ல மாட்டியா நீ" என்றார்.

"அக்கா, சண்டைய பொறகு போடுங்க. இதுக்கு மருந்து இரிக்கு, சொகமாகும். இப்ப எழும்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அண்ணே, அந்தப் பொலித்தீன் பை இரிந்தா எடுங்க."

பை இருந்தது. அதில் பெயரில்லை, எழுத்தில்லை, எச்சரிக்கைப் படம்கூட இல்லை. "யாருண்ணே குடுத்தது?" என்று ஆட்டோவில் ஏறும்போது கேட்டார் ஸவாஹிரா.

"உங்க கொழுந்தனாருதாம்மா. வேன்ல வந்து விக்கிறாரே, ஷப்ராஸ் தம்பி. அண்ணி கடை மருந்துதான், அங்க போனா ஆயிரம் கேள்வி கேப்பாங்க, இங்க கேள்வி இல்லன்னு சொன்னாரு. உங்க கடை மருந்துன்னுதான் நம்பி வாங்கினேன்."

ஸவாஹிரா அந்தப் பையை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார். ஆட்டோ தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டொக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நல்லம்மாவின் கையையும் காலையும் பார்த்தார், இரத்தம் எடுத்தார், ஊசி போட ஏற்பாடு செய்தார். எலி மருந்துதான் என்பது அவருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் அதில் பல வகை உண்டு என்றார். சில உடம்பில் சில நாள்தான் நிற்கும், சில மாதக்கணக்கில் நிற்கும். எதுவென்று தெரிந்தால் எவ்வளவு காலம் மருந்து கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம். வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்றும் தெரிய வேண்டும். விற்றவரைப் பிடிக்க முடியுமா என்று கேட்டார்.

ஸவாஹிரா வெளியே வந்து ஷப்ராஸுக்குப் போன் எடுத்தார். விசயத்தைச் சொன்னதும் அவன் வைத்துவிட்டான். திரும்ப எடுத்தார், மணி அடித்து ஓய்ந்தது. அவர் அதே ஆட்டோவில் பண்டாரவளைக்குப் போனார்.

ஷப்ராஸ் வீட்டு முற்றத்தில் வேனுக்குப் பக்கத்தில் நின்றான். அண்ணியைக் கண்டதும் உள்ளே போகப் பார்த்தான்.

"நில்லு" என்றார் ஸவாஹிரா.

"மதினி, எனக்கு ஒண்டும் தெரியா. ஆள் ஒருத்தன் பெரிய பையில கொண்டுவந்து தந்தான். நான் பிரிச்சி வித்தேன், அவ்வளவுதான். மாவில கலந்து தின்னச் சொன்னேனா?"

"அது கிடக்கட்டும். அந்தப் பெரிய பை எங்க?"

"போலீஸுக்குக் குடுக்கப் போறீங்களா? நானும் இந்தக் குடும்பம்தானே."

"அதாலதான் நான் வந்திரிக்கேன். அந்தப் பொம்புள மௌத்தாப் போனா வாரது நான் இல்ல, போலீஸ்தான். பைய எடுத்துக்கிட்டு என்னோட வா. டொக்டர்கிட்ட நீ உன் வாயால சொல்லணும், எங்க எடுத்தாய், வேற என்ன கலந்தாய் எண்டு. உனக்கு ஏசுறதுக்கு எனக்கு நேரம் இல்ல."

கெட்டவன் இல்லை ஷப்ராஸ். எளிதாக வருவதை விட முடியாதவன், பயந்தவன். வேனின் பின்கதவைத் திறந்து, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பையை எடுத்தான்.

அந்தப் பையில் மருந்தின் பெயர் இருந்தது. இங்கே பதிவு செய்யப்படாத சரக்கு அது. அச்சடித்திருந்த மொழி ஒருவருக்கும் தெரியாவிட்டாலும், ஆங்கில எழுத்தில் இருந்த பெயரை டொக்டர் வாசித்தார். உடம்பில் நெடுங்காலம் நிற்கும் வகை என்றார். வேறொன்றும் கலக்கவில்லை என்று ஷப்ராஸ் சொன்னதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். எதிர்க் கட்டிலில் நல்லம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டிலடியில் பொன்னையா நின்றார். அவர் ஷப்ராஸை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "நானுந்தான் கேள்வி கேக்காத எடமாத் தேடிப் போனேன்" என்று மட்டும் சொன்னார்.

நல்லம்மா பிழைத்துக்கொண்டார். ஊசி போட்டு, பிறகு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாதக்கணக்கில் விடாமல் எடுக்கவும், இரத்தம் சோதிக்க வந்து போகவும் சொன்னார்கள்.

அதோடு விசயத்தை முடித்திருக்கலாம். குடும்பத்தில் எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஸவாஹிரா முடிக்கவில்லை. அந்தப் பையிலிருந்து பிரிந்துபோன மற்றப் பொட்டலங்கள் எத்தனை அடுப்படிகளில் கிடக்கின்றனவோ என்பதுதான் அவருக்குக் கவலை.

"ஆத்தில கொட்டிட்டு விட்டிடுறேன் மதினி. இனிமே விக்க மாட்டேன்" என்றான் ஷப்ராஸ்.

"ஆத்தில கொட்டினா அத கீழ இரிக்கிறவன் குடிக்கணும். வித்ததத் திருப்பி எடு. நானும் வாரேன்."

இருவரும் வேனில் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். தான் யார் யாருக்கு விற்றான் என்பது ஷப்ராஸுக்கு நினைவிருந்தது. நினைவில்லாத இடத்தில் ஆட்களைக் கேட்டுக் கண்டுபிடித்தார்கள். நமுனுகுல பக்கத்து லயமொன்றில் பொட்டலம் சீனி டின்னுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னோரிடத்தில் கூரைத் தகரத்தில் செருகியிருந்தார்கள். ஸவாஹிரா கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கி, மூடியுள்ள வாளியில் போட்டார். போன இடமெல்லாம் ஷப்ராஸ்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. முதல் வீடுகளில் அவன் முணுமுணுத்தான். போகப் போகத் தெளிவாகச் சொன்னான்.

வாளி நிறைந்ததும், வகுப்பெடுத்த அந்த அலுவலருக்கு அவன் முன்னாலேயே போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். பையையும் பொட்டலங்களையும் அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். வழக்கும் வந்தது. ஷப்ராஸ் குற்றத்தை ஒத்துக்கொண்டான். தண்டம் விதித்தார்கள்.

வீட்டில் ஷுக்ரி பேச்சை நிறுத்திக்கொண்டார். "என் தம்பிய நீயே காட்டிக் குடுத்திட்டாய்" என்றது மட்டும்தான் அவர் சொன்னது. அதன் பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், எழும்பிப் போவார். ஸவாஹிரா விளக்கம் சொல்லப் போகவில்லை. தனியாக இருக்கும்போது அழுததாகப் பின்னால் ஒரு தரம் சொன்னார். செய்தது பிழை என்று அப்போதும் தோன்றவில்லையாம்.

நல்லம்மா கொஞ்சம் நடக்கத் தொடங்கியதும், தோட்டத்துப் போஞ்சி ஒரு பை எடுத்துக்கொண்டு ஸவாஹிராவின் வீட்டுக்கு வந்தார். ஷுக்ரி முன்னறைக் கதிரையில் இருந்தார். பையை நீட்டிய அவருடைய கைகளை ஷுக்ரி கண்டார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கருநீலம் மஞ்சளாகி மறைந்துகொண்டிருந்தது.

"இரிங்க" என்றார் ஷுக்ரி. தன் பக்கத்துக் கதிரையை அவரே இழுத்துப் போட்டார். முதுகு வலிக்காரர் அப்படிக் குனிவதில்லை. நல்லம்மா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனபின், "ஷப்ராஸ்கிட்ட நான் கதைக்கிறேன்" என்று மனைவியிடம் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் பழையபடி பேச்சு வந்தது.

அடுத்த போகத்தில் எலி மருந்து கேட்டு வந்தது பொன்னையா அல்ல, நல்லம்மா.

"கேளுங்கம்மா. நான் பதில் சொல்றேன்" என்றார்.

ஸவாஹிரா ஒன்று விடாமல் கேட்டார். நல்லம்மாவும் ஒன்று விடாமல் சொன்னார். புல் வெட்டியாயிற்று. தண்ணீர் ஓடும் கானைத் துப்புரவாக்கியாயிற்று. பொறியில் கொஞ்சம் பிடித்தாயிற்று. லயத்தில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. எல்லாரும் ஒரே கிழமையில் வைக்கச் சம்மதம். அலுமாரி திறந்தது. அந்தக் கிழமைக்குத் தேவையான அளவு மட்டும், மூன்று மொழியிலும் எழுதிய உறையோடு கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸவாஹிராவும் லயத்துக்குப் போனார். குழாய்த் துண்டுகளுக்குள் கட்டிகளைக் கம்பியால் கட்டி, ஓடையிலிருந்து தள்ளி, வரப்போரமாக வைத்தார்கள். நாய்களைக் கட்டிப் போட்டார்கள். வேலை முடிந்ததும் கையுறையோடு கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். பிறகு வந்த நாட்களில் காலையும் மாலையும் செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழமாகப் புதைத்தார்கள். இந்த வேலைக்கு லயத்தில் பலர் முகம் சுளித்தார்கள். செத்த எலியைத் தின்கிற ஆந்தையும் சாகும், ஆந்தை செத்தால் அடுத்த வருசம் எலியை யார் பிடிப்பது என்று ஸவாஹிரா கேட்டபோது கொஞ்சம் அடங்கினார்கள். மேற்பார்வை முழுக்க நல்லம்மா. முன்பு கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணியோடு வாதாடிய அதே குரல். எலிகள் தின்பது நின்றதும் குழாய்களைக் கழற்றிச் சேர்த்து, மிச்சமான கட்டிகளைக் கொண்டுபோய் ஸவாஹிராவிடமே கேட்டு, அவர் சொன்னபடி ஒப்படைத்தார்.

எலி அடியோடு ஒழிந்துவிடவில்லை. அப்படி ஒழியாது என்று ஸவாஹிரா முன்பே சொல்லியிருந்தார். ஆனால் பொன்னையாவின் கிழங்கு பெரும்பாலும் முழுதாகக் கைக்கு வந்தது. லயத்தில் ஒரு நாய், கோழிகூடச் சாகவில்லை. தோட்டத்தின் அடுத்த டிவிசனிலிருந்தும் ஆட்கள் வந்து ஸவாஹிராவைக் கேட்டார்கள்.

ஷப்ராஸ் அந்த வருசம் நோன்புப் பெருநாளைக்குத்தான் அண்ணன் வீட்டுப் படி ஏறினான். கூட மனைவி றிப்னாவும் வந்தாள். வேனில் இப்போது பிளாஸ்டிக் சாமான் விற்கிறான். சாப்பிடும்போது பழைய கதையை ஒருவரும் எடுக்கவில்லை. ஸவாஹிரா அவன் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தார். போதும் மதினி என்றான். வைத்ததைச் சாப்பிட்டு முடித்தான்.